தொடர்நிகழ்காலமும் இறந்தகாலமும்: மாணவர் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் வாரமலரில் மாணவர்களுக்கென ஒதுக்கப்படும் பக்கத்தில் ஆங்கில இலக்கணப் பாடம் தொடர்ந்து வெளிவருவதை வன்னியின் உட்கிராமங்களில் வாழும் நாங்கள் நன்றியோடு வாசித்து வருகிறோம். கிளிநொச்சி நகரத்துக்கோ வவுனியாவுக்கோ ரியூசனுக்குப் போய்வர வசதியில்லாத பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருப்பதை இங்கு பல வீடுகளில் காணலாம். அவ்வாறு ஒட்டி வைத்துப் படிக்கப்படுவதனாலேயே அதிலுள்ள ஒரு குறையைத் தங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

அண்மையில் ஒரு வாரம் தொடர்நிகழ்காலமும், சில வாரங்கள் கழித்துச் சாதாரண இறந்தகாலமும் தனித்தனி அட்டவணைகளாக வெளிவந்தன. 'ஆம், இஸ், ஆர் என்பவற்றுள் ஒன்றும் இங் என்று முடியும் வினைச்சொல்லும் சேர்ந்தால் கொண்டிருக்கிறேன் என்று பொருள்' என்பது முதலாவது சூத்திரம். 'வினைச்சொல்லின் இறுதியில் ஈ, டி எழுத்துகளைச் சேர்த்தால் நடந்து முடிந்தது என்று பொருள்' என்பது இரண்டாவது. இவற்றைப் பிழை என்று நான் சொல்லவில்லை. முதல் நாளில் வாக்கியத்தை அமைத்துப் பழக இத்தகைய சூத்திரம் உதவும். அமைப்பைக் காட்டும் சூத்திரத்தையே பொருளாகவும் மனனம் செய்யவைக்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. எந்த இடத்தில் எது வரும், ஏன் வரும் என்பதை இரண்டு காலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலொழியப் பிள்ளைகளுக்கு விளங்காது என்பதே இக்கடிதத்தில் நான் சொல்ல வந்தது.

க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தர ஆங்கில வினாத்தாளிலேயே இந்தக் குழப்பத்துக்கு வழி இருக்கிறது. படத்தைப் பார்த்து அதில் காண்பவற்றை எழுதச் சொல்லும் வினாவுக்குத் தொடர்நிகழ்காலம் வேண்டும். போய்வந்த சுற்றுலாவைப் பற்றியோ மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றியோ எழுத நேர்ந்தால் இறந்தகாலம் வேண்டும். படத்துக்கு விடை எழுதிப் பழகிய கை அப்படியே கட்டுரைக்குள்ளும் நுழைந்து 'யெஸ்ரடே ஐ ஆம் கோயிங் டு த டெம்பிள்' என்று எழுதிவிடுகிறது. இன்னொரு பிள்ளை இரண்டு சூத்திரங்களையும் ஒன்றாக்கி 'ஐ ஆம் வென்ட்' என்று எழுதுகிறது. மற்றொரு பிள்ளை 'டிட் யூ வென்ட்' என்று கேட்கிறது. திருத்துகிறவர் சிவப்பு மையால் கோடிட்டு, 'கவனயீனம்' என்று ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த கொப்பியை எடுக்கிறார். இவற்றுள் ஒன்றுகூடக் கவனயீனத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மூன்றுக்கும் காரணங்கள் உண்டு; அவற்றைத் தேடிப் பார்த்தால் பிள்ளை எங்கே தடக்குப்படுகிறது என்பது தெரியவரும்.

முதலில் பொருளை எடுத்துக்கொள்வோம். 'தொடர்நிகழ்காலம் என்றால் இப்பொழுது, இறந்தகாலம் என்றால் முன்பு' என்று மணிக்கூட்டைக் காட்டி விளக்குவது வழக்கம். இது பாதிவரையே சரி. காலபோக அறுவடை நடக்கும் மாசி மாதத்தில், நண்பகல் நேரம், அறுவடை இயந்திரத்தை வரம்போரம் நிறுத்திவிட்டு எல்லோரும் மரநிழலில் சோறு உண்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிமிடத்தில் வயலில் ஒருவரும் இல்லை. ஆயினும் வீதியால் போகிற ஒருவர் கேட்டால் 'தே ஆர் ஹார்வெஸ்டிங்' என்றுதான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஏனெனில் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை, உண்டு எழுந்ததும் மீண்டும் தொடரும். மாலையில் கடைசிப் பாத்தியும் வெட்டி முடிந்து, இயந்திரம் வாய்க்கால் பாலத்தைக்கூடத் தாண்டியிராத அந்தக் கணத்திலேயே 'தே ஹார்வெஸ்டட்' என்று சொல்லலாம். ஆகவே இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மணிக்கூட்டால் அளக்க முடியாது. சொல்லுகிறவர் அந்தச் செயலின் உள்ளே நின்று பார்க்கிறாரா, அது முடிந்து மூடப்பட்ட பின் வெளியே நின்று பார்க்கிறாரா என்பதே வேறுபாடு. ஒரு கணத்துக்கு முன் கையிலிருந்து விழுந்த கோப்பையும், சோழர் காலத்தில் கட்டிய கோயிலும் ஆங்கிலத்துக்கு ஒரே இறந்தகாலந்தான்.

இந்த வேறுபாடு பரீட்சைப் புள்ளிக்கு மட்டும் உரியதன்று என்பதை எங்கள் பகுதியில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 ஆம் ஆண்டு மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியபோது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைப் பற்றிய செய்திக்காகக் கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கத்து மக்கள் எப்படிக் காத்திருந்தார்கள் என்பது பலருக்கும் நினைவிருக்கும். அத்தகைய நேரத்தில் கைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'தே ஆர் ஓப்பினிங் த கேட்ஸ்' என்றிருந்தால் கதவு திறக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது, அல்லது திறப்பதற்கு எல்லாம் ஆயத்தமாகிவிட்டது. மாடுகளை அவிழ்க்க இன்னும் சற்று நேரம் இருக்கலாம். 'தே ஓப்பின்ட் த கேட்ஸ்' என்றிருந்தால் திறந்த செயல் முடிந்துவிட்டது, தண்ணீர் புறப்பட்டுவிட்டது. இதே இரண்டாவது வாக்கியம் அடுத்த கிழமை வரும் அறிக்கையிலும் இருக்கும். அப்பொழுது கதவுகள் மீண்டும் மூடப்பட்டிருக்கவும் கூடும். திறந்தார்கள் என்பதை மட்டுமே சாதாரண இறந்தகாலம் சொல்லும், இன்னும் திறந்தபடியே கிடக்கிறதா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வதற்கு ஆங்கிலம் 'ஹேவ் ஓப்பின்ட்' என்று வேறொரு வடிவத்தை வைத்திருக்கிறது. அந்த மூன்றாவது வடிவத்தை இங்கு இழுத்தால் கடிதம் நீளும். ஆனால் இறந்தகாலத்தின் எல்லை எதுவரை என்பதைப் பிள்ளைக்குக் காட்ட இந்த ஓர் எடுத்துக்காட்டாவது வேண்டும்.

காணி விடயத்திலும் அப்படியே. இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்கள் நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவேண்டி வரும்போது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையே எழுதிக் கொடுக்கிறது. 'ஐ கல்டிவேட்டட் திஸ் லாண்ட்' என்று அது எழுதினால், ஒருகாலத்தில் செய்தார், இப்போது செய்யவில்லை என்று வாசிப்பவர் விளங்கிக்கொள்ள இடமுண்டு. இன்றும் அந்த நிலத்தில் விதைக்கிறவருக்கு அந்த ஒரு விகுதி செய்யும் தீங்கு சிறியதல்ல.

இனி, பிள்ளை எங்கே தடக்குப்படுகிறது என்ற வினாவுக்கு வருகிறேன். தமிழில் தொடர்நிகழ்காலமே இல்லை, அதனால்தான் பிள்ளைகளுக்கு அது வரவில்லை என்று சில ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்' என்றும் 'சாப்பிட்டன்' என்றும் மூன்று வயதுப் பிள்ளையே இடமறிந்து பேசுகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் நிகழ்காலம் இரண்டு வேலைகளைச் செய்கிறது: 'அப்பா வயலுக்குப் போறார்' என்ற வாக்கியம் இந்தக் கணத்தில் போவதையும் குறிக்கும், நாள்தோறும் போவதையும் குறிக்கும். ஆங்கிலம் இவற்றைப் பிரித்து, முதலாவதற்கு 'இஸ் கோயிங்' என்றும் இரண்டாவதற்கு 'கோஸ்' என்றும் சொல்லும். இது பலரும் அறிந்த சங்கதி. எந்தப் பாடநூலிலும் இதற்குப் பயிற்சி இருக்கிறது.

அறியப்படாதது, எங்கள் இறந்தகாலம் ஆங்கிலத்தின் இறந்தகாலத்தோடு எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை என்பது. பின்னேரம் வேலை முடிந்து வந்தவர் 'களைச்சுப்போச்சு' என்கிறார். தமிழில் அது இறந்தகாலம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் டயர்ட்' என்று நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். 'நேரம் போட்டுது' என்பது 'இட் இஸ் லேட்' ஆகிறது. ஆசிரியர் கேட்டதும் மாணவர் 'விளங்கீட்டுது' என்கிறார். ஆங்கிலத்தில் 'ஐ அண்டர்ஸ்டாண்ட்'. இவற்றை இறந்தகாலத்தில் மாற்றி எழுதும் பிள்ளை தன் தாய்மொழியை உண்மையாகப் பின்பற்றியே பிழை விடுகிறது. 'தமிழில் இறந்தகாலமாக இருந்தால் ஆங்கிலத்திலும் இறந்தகாலமாக எழுது' என்ற அறிவுரையை நாமே கொடுத்துவிட்டு, பிள்ளை அதன்படி நடக்கும்போது புள்ளியைக் குறைப்பது நியாயமாகாது.

இவ்விடத்தில் இக்கடிதத்தின் விடயத்துக்கு மிக நெருக்கமான ஒரு வழக்கு உண்டு. வாசலில் நின்று ஒருவர் அழைக்கிறார். கிணற்றடியில் இன்னும் முகம் கழுவிக்கொண்டிருக்கிற நாம் 'இந்தா வந்திட்டன்' என்கிறோம். வரவில்லை, வரப் புறப்படவுமில்லை, சொல் மட்டும் இறந்தகாலத்தில் போய் நிற்கிறது. இதே இடத்தில் ஆங்கிலேயர் 'ஐ ஆம் கமிங்' என்பர். அவருக்கு அங்கே தொடர்நிகழ்காலம் வேண்டும், 'ஐ கேம்' என்றால் கேட்பவர் திகைத்துப் போவார். இது நாகரிகம் தெரியாதவர் பேச்சு என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது. எதிர்காலத்துக்கோ நிகழ்காலத்துக்கோ உரிய வினையை விரைவுப் பொருள் தோன்ற இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று தொல்காப்பியத்தின் வினையியல் விதி வகுத்திருக்கிறது. இன்னும் உண்ணாதவன், அழைக்கிறவனுக்கு 'உண்டேன், வந்தேன்' என்று விடை சொல்லுவதை உரையாசிரியர் அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார். விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றிலும் முக்காலமும் மாறி வரலாம் என்று நன்னூல் அதை விரித்துச் சொல்கிறது. தமிழ்ப் பாடவேளையில் இதைக் கால வழுவமைதி என்று படிக்கும் மாணவருக்கு, அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் இதையே சுட்டி, 'எங்கள் மொழி விரைவுக்கு இறந்தகாலத்தைப் பிடிக்கிறது, ஆங்கிலம் அதே விரைவுக்குத் தொடர்நிகழ்காலத்தைப் பிடிக்கிறது' என்று ஒரு வசனம் சொன்னால் போதும். இரண்டு ஆசிரியர்களும் ஒரே ஓய்வறையில் தேநீர் குடிக்கிறார்கள். இதைப் பற்றிப் பேசிக்கொள்வதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

அமைப்புக்கு வந்தால், தமிழ் வினை எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. செய்தேன் என்பதில் தகர ஒற்று காலத்தையும் ஏன் விகுதி செய்தவரையும் காட்டுகின்றன. கிறு, கின்று என்ற இடைநிலைகள் நிகழ்காலத்தைக் காட்டுகின்றன. ஆங்கிலத் தொடர்நிகழ்காலமோ வேலையை இரண்டு சொற்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. அட்டவணை இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதேயில்லை. காலத்தைக் காட்டுவது ஆம், இஸ், ஆர் என்ற துணைவினை. இங் விகுதிக்குக் காலமே கிடையாது. செயல் முடியாமல் நடந்தபடி இருக்கிறது என்பதை மட்டும் அது காட்டும். துணைவினையை வாஸ், வேர் என்று மாற்றினால் அதே இங் நேற்றைக்குப் போய்விடும். இதை அறிந்த பிள்ளை 'ஐ ஆம் வென்ட்' என்று எழுதாது. ஏனெனில் ஆம் என்பதும் காலம் காட்டுகிறது, வென்ட் என்பதும் காலம் காட்டுகிறது, ஒரே வினையில் காலத்தை இரண்டு சொற்கள் காட்ட முடியாது. 'டிட் யூ வென்ட்' என்பதும் அவ்வாறே. சாதாரண இறந்தகாலத்தில் உடன்பாட்டு வாக்கியத்துக்குத் துணைவினை இல்லை, வினைச்சொல்லே காலத்தைச் சுமக்கிறது. வினாவிலும் எதிர்மறையிலும் டிட் என்ற சொல் வந்து அந்தக் காலத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது, ஆகவே வினைச்சொல் 'கோ' என்ற பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். ஒன்றில் துணைவினை எப்பொழுதும் கூடவே நிற்கும், மற்றதில் அது தேவைப்படும்போது மட்டும் வரும் என்ற இந்த வேற்றுமை இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்க்கிறவருக்கு உடனே புலப்படும். தனித்தனி வாரங்களில் பார்க்கிறவருக்கு ஒருபோதும் புலப்படாது.

இறந்தகாலத்தின் ஒழுங்கற்ற வினைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோ, கம், ஈட், சீ, கிவ், டேக் என்று நாளாந்தம் வாயில் வருகிற சொற்களே பெரும்பாலும் ஒழுங்கற்றவை. அகரவரிசைப் பட்டியலாக மனனம் செய்யாமல் இவற்றை முதலில் கதையில் படிக்க வைக்க வேண்டும். 'கட்', 'புட்' போன்றவை இறந்தகாலத்திலும் மாறுவதில்லை. 'ரீட்' என்பது எழுத்தில் மாறாமல் ஒலியில் 'ரெட்' ஆகிறது. ஈ, டி சேரும் ஒழுங்கான வினைகளிலும் ஒலி மூவகை: 'குக்' என்பது 'குக்ட்' என்று வல்லொலியோடு முடியும், 'ஓப்பின்' என்பது 'ஓப்பின்ட்' என்று மென்மையாக முடியும், டகர ஒலியில் முடியும் 'வெயிட்' போன்றவற்றில் மட்டுமே 'வெயிட்டிட்' என்று ஓரசை கூடும். எல்லாவற்றையும் 'குக்கெட், ஓப்பினெட்' என்று வாசிக்கப் பழக்குகிற வழக்கம் எங்கள் வகுப்பறைகளில் நெடுநாளாக இருக்கிறது, அது போக வேண்டும்.

இரண்டு காலங்களும் ஒன்றுக்கொன்று சரிநேரான சோடி அல்ல என்பதையும் இந்த இடத்தில் குறிப்பிட வேண்டும். இலக்கண முறைப்படி தொடர்நிகழ்காலத்தின் சோடி தொடர்இறந்தகாலமே. ஆயினும் வாழ்க்கையில் அடிக்கடி அருகருகே சந்திப்பவை 'என்ன நடக்கிறது', 'என்ன நடந்தது' என்ற இரண்டுந்தான், ஆகையால்தான் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அப்படிப் பார்க்கும்போது ஒன்று தெரியும். நோ (அறிதல்), வோன்ட் (வேண்டுதல்), லைக் (விரும்புதல்), பிலீவ் (நம்புதல்), பிலோங் (உரியதாதல்) போன்ற வினைகள் இறந்தகாலத்துக்குள் தயக்கமின்றிப் போகும். 'ஐ நியூ', 'ஐ வோன்டிட்' என்பவற்றில் குற்றமில்லை. அவையே தொடர்நிகழ்காலத்தின் வாசலில் நின்றுவிடும். 'ஐ ஆம் நோவிங்' என்பது செல்லாது. ஏனெனில் அறிதலும் விரும்புதலும் உடைமையும் நிலைகள்; உள்ளே நின்று, நடந்துகொண்டிருக்கிறது என்று சுட்ட அவற்றில் அசைவு எதுவும் இல்லை. இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. தெரியும், வேண்டும், பிடிக்கும் என்ற எங்கள் சொற்களும் கொண்டிருக்கிறது என்பதை ஏற்பதில்லை. 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எவரும் பேசமாட்டார்கள். அப்படியானால் 'ஐ ஆம் நோவிங்' எங்கிருந்து வருகிறது? தமிழிலிருந்து வரவில்லை, எல்லா வினைக்கும் இங் சேர்த்து நிரப்பச் சொல்லும் அட்டவணையிலிருந்தே வருகிறது. இதை நான் சற்றுக் கடுமையாகச் சொல்வதாகத் தோன்றினால் ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'ஹேவ்' என்பது மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும்: உடைமைப் பொருளில் இங் ஏற்காது, சாப்பிடுதல் என்ற பொருளில் ஏற்கும்.

நாளைய ஒழுங்குக்கும் தொடர்நிகழ்காலம் வரும் என்பதை அட்டவணை சொல்லவில்லை. 'வி ஆர் கோயிங் டு வவுனியா டுமாரோ' என்றால் போவதென்று தீர்மானித்து ஆயத்தமும் செய்தாயிற்று என்று பொருள். 'நாளைக்கு வவுனியாவுக்குப் போறம்' என்று எங்கள் பேச்சிலும் அப்படியே இருப்பதால் இதற்கு ஒரு வரி போதும்.

ஆங்கிலேயருக்கே இந்தத் தொடர்வடிவம் ஒரே நாளில் கைவந்ததல்ல. ஒரு வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே அவர்கள் நெடுங்காலம் எழுதினார்கள். 'இஸ் பீயிங் பில்ட்' என்ற வடிவம் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டியது, அதற்குப் பின்னரும் அதை அழகற்றது என்று கண்டித்த இலக்கணகாரர் 19 ஆம் நூற்றாண்டில் இருந்தார்கள். இரண்டு பாடவேளைகளில் இதை முடித்துவிட்டு அடுத்த அலகுக்குத் தாவ நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

வன்னியில் இந்தப் பக்கத்துக்கு ஏன் இவ்வளவு பாரம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2008 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் கூடாரத்திலும் பாடம் கேட்டவர்கள், அல்லது கேட்காமலே அந்தக் காலத்தைக் கடந்தவர்கள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது தரம் 3 இல் ஆங்கிலத்தை முறையாகப் படிக்கத் தொடங்குகிறார்கள். வீட்டில் கொப்பியைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கங்களில் வேறு பாட ஆசிரியர்கள் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கற்பிக்க நேர்வது புதிதல்ல. அவர்களும் தங்கள் பத்திரிகையின் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துத்தான் வகுப்புக்குப் போகிறார்கள். ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் அரசியலமைப்பில் எழுதி வைத்தது. இங்கே இணைப்பது யாரை யாரோடு என்று கேட்டால், வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளையைத் தொலைபேசியில் அம்மம்மாவோடு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தொலைபேசி என்றதும் ஒரு பயிற்சியை முன்வைக்கத் தோன்றுகிறது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருக்கும் ஒரு பிள்ளை, கனடாவில் இருக்கும் தன் மச்சாளோடு அங்கிருந்தே பேசுவதாகக் கற்பனை செய்யச் சொல்லலாம். 'வி ஆர் ஸ்டாண்டிங் நியர் த டெம்பிள். அம்மா இஸ் குக்கிங் பொங்கல். த சில்ட்ரன் ஆர் பிளேயிங். பீப்பிள் ஆர் கமிங் ஃப்ரொம் முல்லைத்தீவு.' அதே பிள்ளை இரண்டு நாள் கழித்து அதே மச்சாளுக்குக் கடிதம் எழுதட்டும். 'வி ஸ்டுட் நியர் த டெம்பிள். அம்மா குக்ட் பொங்கல். த சில்ட்ரன் பிளேய்ட். பீப்பிள் கேம் ஃப்ரொம் முல்லைத்தீவு.' இரண்டு பத்திகளையும் இரு நிரல்களாக அச்சிட்டால், துணைவினை ஒரு பக்கத்தில் வரிக்கு வரி நிற்பதும் மறுபக்கத்தில் காணாமற் போவதும் கண்ணுக்கே தெரியும். ஒழுங்கான வினை இரண்டும் ஒழுங்கற்ற வினை இரண்டும் அந்த நான்கு வரிக்குள் வந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் அந்த இரு நிரல்கள் காட்டும். தொலைபேசியில் சொன்ன வரிகளை எப்படி இடம் மாற்றினாலும் காட்சி மாறாது, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இறந்தகால வரிகளோடு 'வி ஏட். வி ஸ்லெப்ட். வி கேம் ஹோம்' என்று சேர்த்துப் பார்த்தால், உண்டது முதல், உறங்கியது அடுத்தது, வீடு வந்தது கடைசி என்று வாசகர் தாமே வரிசைப்படுத்திக்கொள்வார். வரிகளை மாற்றினால் வேறு கதையாகிவிடும். படத்தை விவரிக்க ஒன்று, கதை சொல்ல மற்றது என்று வினாத்தாள் ஏன் பிரித்திருக்கிறது என்பதற்கான விடை இதற்குள்ளேயே இருக்கிறது. காட்சியின் நடுவில் கதை புகும் இடங்களில், 'நாங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது மழை வந்தது' என்பது போன்றவற்றில், வாஸ் இங் வடிவமும் இறந்தகாலமும் ஒரே வாக்கியத்தில் சேரும். அதை அடுத்த படியாக வைத்துக்கொள்ளலாம்.

இத்தகைய முறைக்கு நேரம் போகும், பரீட்சைக்கு முன் சூத்திரம் கொடுத்தால்தான் பிள்ளை ஐந்து புள்ளியாவது எடுக்கும் என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். படவினாவுக்கு அது பொருந்தலாம். கட்டுரைக்குப் போகும்போது அதே சூத்திரம் அதைவிடக் கூடுதலான புள்ளியைத் தின்றுவிடுவதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே தங்களிடம் கேட்பது இவ்வளவே. அடுத்த தவணையில் இந்தப் பாடம் மீண்டும் வரும்போது இரண்டு காலங்களையும் ஒரே வாரத்தில், ஒரே நிகழ்ச்சியை வைத்து, இரு நிரல்களாக வெளியிடுங்கள். தமிழ் நிகராக ஒரு விகுதியை மட்டும் தராமல், 'வந்திட்டன்', 'களைச்சுப்போச்சு', 'விளங்கீட்டுது' போன்ற பேச்சு வழக்குகளை எடுத்து அவற்றுக்கு ஆங்கிலத்தில் எந்தக் காலம் வரும் என்று ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். விடைகளை அடுத்த வாரம் வெளியிடும்போது சரியான விடைக்குப் பக்கத்தில் அது ஏன் சரி என்று ஒரு வரியும் இருக்கட்டும். எங்கள் பகுதிக்குப் பத்திரிகை பல நாட்களில் மதியத்துக்குப் பின்னர் பஸ்ஸில்தான் வந்து சேருகிறது. சில வாரங்களில் வாரமலர் வருவதேயில்லை. ஆகையால் விடைகளுக்கு மேல் முந்திய வாரத்து வினாக்களையும் சிறிய எழுத்தில் மீள அச்சிட்டால், ஒரு வாரத்தைத் தவறவிட்ட பிள்ளையும் பயன்பெறும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
மல்லாவி.